நோயரும்பு காலம்

கடிபட்ட நாளென்று புஸ்பம் சொன்னது கணக்கில் இடித்தது. காட்டுப்பன்றி வெட்டியவர்களுக்குப் பதினான்காம் நாளில் வெறி பிடித்தது. அவர்கள் கடித்தவர்களுக்கு ஏழாம் நாளில். கிருமி உள்ளே புகுந்து நோய் தலைகாட்டும் வரைக்கும் உள்ள அந்த இடைவெளியைக் கணிக்கத்தான் டொக்டர் ஜெனிற்றா மண்டூரில் வீடு வீடாகத் திரிந்தாள். ஏழு நாளுக்குக் குறையாது என்று போன வாரம் அறிக்கை அனுப்பியதும் அவள்தான். அதை நம்பித்தான் கடிபட்டவர்களை முதல் ஆறு நாளும் வீட்டில் இருக்க விட்டார்கள்.

"ஞாயித்துக்கிழமதான் டொக்டர், என்ர புருசன அவர்ர தம்பி கடிச்ச. நான்தானே காயத்தக் கழுவின."

இன்று செவ்வாய். அந்தத் தம்பி, பன்றி வெட்டிய ஒருவனிடம் கடிபட்டு வெறி பிடித்தவன். பயத்தில் நாளை மாற்றிச் சொல்கிறாள் என்று ஜெனிற்றா நினைத்தாள். விடியற்காலையிலிருந்து புருஷன் அருமைநாயகத்துக்கு உடம்பு கொதிக்கிறதாம், தண்ணீரைக் கண்டால் சீறுகிறாராம், அறைக்குள் விட்டுப் பூட்டியிருக்கிறாளாம். அம்புலன்ஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

வாவிக் காற்றில் வந்த சேற்று வாடைக்கு நடுவே, பூட்டிய கதவின் கீழிடுக்கிலிருந்து பச்சை இரத்தத்தின் கவிச்சியும், ஈரமான எதையோ பொறுமையாக மென்று, நிறுத்தி, மறுபடி மெல்லும் சத்தமும் கசிந்துகொண்டிருந்தன.

சாப்பிட என்ன கொடுத்தாய் என்று ஜெனிற்றா கேட்டாள்.

"ஒண்டும் குடுக்கல்ல."

மெல்லும் சத்தம் நின்றது.

கதவு பிளந்தது. அருமைநாயகம் பாய்ந்தார். இடது கையில் விரல்களே இல்லை. புஸ்பத்தின் தோளில் பல் இறங்கியது. சதை கிழிந்து வந்தது. ஜெனிற்றா சுவரோரம் கிடந்த துடுப்பை எடுத்து அடித்தாள். அவர் விழவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும். மண்டை உடைந்து, கால்கள் உதைப்பதை விடும்வரை அடித்தாள்.

கை தன்பாட்டில் படிவத்தைத் தேடியது. கடிபட்ட நேரம்: மூன்று பத்து. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. புஸ்பம் பொய் சொல்லவில்லை. பதினான்கு. ஏழு. இரண்டு. ஒவ்வொரு கடிக்கும் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

"எனக்கு எத்தின நாள் இருக்கு, டொக்டர்?"

ஜெனிற்றா அவளருகே மண்டியிட்டாள். துவாயை மடித்துக் காயத்தில் அழுத்தினாள். புஸ்பம் சுவரில் சாய்ந்து விம்மினாள். விம்மல் தேய்ந்தது. துவாய்க்கு அடியில் தோள் அனலாய்க் கொதித்தது.

மூன்று பதினாறு.

புஸ்பத்தின் கை எழுந்து ஜெனிற்றாவின் மணிக்கட்டைப் பற்றியது. இறுக்கியது. எலும்பு நொறுங்கியது.

கண்ணீர் இன்னும் காயாத முகத்தில் வாய் மெல்லத் திறந்தது.