பூசணிக்காய் உடைவதற்கு முன்

பிரவீனாவை மண்ணூரில் இருக்கும் சொர்ணம்மாள் வீட்டுக்கு அழைத்து வந்தவன் டில்லிபாபு. அவளுடைய கம்பெனி பஸ்ஸை ஓட்டுபவன். சொர்ணம்மாளுக்குச் சித்தி மகன். போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்காவுக்கு ஒரு கொலை வழக்காவது கிடைக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. இதுவரை கிடைத்ததெல்லாம் ஒரு காணாமல் போன ஆடும், ஒரு கேஸ் சிலிண்டரும்தான்.

"அக்கா, இது மெய்யாலுமே பெரிய கேஸு. மிலிட்டரி மேட்டரு!" என்றான் வாசலிலேயே.

"நீ கொஞ்சம் உட்காரு. அவங்க சொல்லட்டும்," என்றார் சொர்ணம்மாள்.

பிரவீனா அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ஒரகடத்தில் இருக்கும் அவளுடைய சிறிய தொழிற்சாலையில் ராணுவ ட்ரோனுக்கு ஒரு கீல் செய்கிறார்கள். மலை எல்லையில் பறந்து கண்காணிக்கும் ட்ரோன். அதன் கை மடங்கும் இடத்தில் இருப்பது அந்தக் கீல். ஆயுத பூஜை முடிந்து சில நாளில், அந்தக் கீலின் புகைப்படம் இணையத்தில் ட்ரோன் பிரியர்கள் குழு ஒன்றில் வந்துவிட்டது.

"ஆர்டர் குடுத்தவங்க நாளைக்கு விசாரணைக்கு வராங்க. யார் எடுத்ததுன்னு சொல்லலேன்னா ஆர்டர் கேன்சல். எங்க இன்ஸ்பெக்ஷன்ல தங்கமாரின்னு ஒரு பொண்ணு இருக்கா. கேட்டுல எல்லார் போன் கேமரா மேலயும் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ள விடுவாங்க. பூஜை அன்னிக்கு அவ வெளிய போறப்ப ஸ்டிக்கர் இல்ல. அவ பேரைத்தான் குடுக்கணும்."

"மத்தவங்க ஸ்டிக்கரெல்லாம் சரியா இருந்துச்சா?"

"ரெண்டு மூணு பேருக்கு ஓரம் கிளம்பி இருந்துச்சாம். முழுசா விழுந்தது அவளுக்குத்தான். அப்பாவுக்கு இன்னும் சொல்லலம்மா. ரத்தக் கொதிப்பு. படத்தைக்கூட காட்டல."

சொர்ணம்மாள் படத்தைத் தன் போனில் வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு காலத்தில் இதற்கு இருட்டறைக்குள் போக வேண்டும். சிவப்பு விளக்கு, மருந்துத் தண்ணீரின் புளித்த வாடை, வெள்ளைத் தாளில் மெல்ல மேலெழுந்து வரும் ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த நொடிக்காகவே வேலைக்குப் போன நாட்கள் உண்டு. இப்போது அந்த வாடைக்கு மனம் ஏங்கியது.

படத்தின் நடுவில், மேசை மேல், சந்தனப் பொட்டோடு கீல். ஆனால் அது மங்கலாக இருந்தது. இடது ஓரத்தில் ஒரு பச்சைக் கைச்சக்கரத்தின் பாதி தெரிந்தது. அதில் தொங்கிய சாமந்தியின் இதழ்களை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு. கீழே ஒரு தட்டில் முழுப் பூசணிக்காய். அதன் தலையில் இன்னும் ஏற்றாத கற்பூரம்.

"போலாம் டில்லி," என்று எழுந்தார்.

ஒரகடம் கேட்டில் காவலாளி இருவருடைய போனிலும் ஸ்டிக்கர் ஒட்டினார். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி உள்ளே போனார். காவலாளி சல்யூட் அடித்ததோடு சரி. அவர்தான் பிரவீனாவின் அப்பா கலைமணி என்று டில்லிபாபு காதைக் கடித்தான்.

தங்கமாரி சாப்பாட்டு அறையில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள்.

"நான் எடுக்கலம்மா, சத்தியமா. நாளைக்கு என் பேரைக் குடுத்துட்டா இந்தப் பக்கம் எந்தக் கேட்டுலயும் என்னைய உள்ள விட மாட்டாங்க. அதைக்கூடத் தாங்கிக்கிடுவேன். எங்கண்ணன் பட்டாளத்துல இருக்கான். நீ நிக்கித மலையில நாங்க செஞ்சதுதான்டா பறக்கும்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

சொர்ணம்மாள் அவள் போனை வாங்கிப் பார்த்தார். கேமராவுக்குப் பக்கத்தில், உறையின் இடுக்கில், மஞ்சளாய் ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தனம்.

"போனுக்கு யாரு பொட்டு வெச்சா?"

டில்லிபாபு முந்திக்கொண்டான். "எல்லார் போனுக்கும் வெச்சாங்கக்கா. என் போனுக்குங்கூடத்தான். இங்க அது வழக்கம். மெஷினு, பஸ்ஸு, ஸ்பானரு, அப்பால போனு, எல்லாத்துக்கும் பொட்டு. மாலை போடுறதுக்கு முன்னாடியே போனையெல்லாம் தாம்பாளத்துல வெச்சிடுவோம். பூசணிக்கா ஒடைச்சப்புறந்தான் எடுக்கணும்."

"ஒடைக்கிறதுக்கு முன்னாடி?"

"எவன் தொடுவான்? சாமி குத்தம் ஆயிடாது?"

சொர்ணம்மாள் அவனை அன்போடு பார்த்தார். "வழக்கையே முடிச்சிட்டியேடா," என்றார். எதை முடித்தோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

பூஜை நடந்த கூடத்தின் மூலையில் ஒரு பழைய பச்சை லேத் நின்றது. புது மெஷின்களுக்கு நடுவே அதற்கு வேலை எதுவும் இல்லை. கைச்சக்கரத்தில் காய்ந்த சாமந்தி மாலை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கலைமணி எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிரவீனாவும் தங்கமாரியும் வந்தார்கள். சொர்ணம்மாள் பூஜை அலமாரியிலிருந்து சந்தனத்தை எடுத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, டில்லிபாபுவின் போன் ஸ்டிக்கர் மேல் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். எல்லோரும் டீ குடித்து முடித்தபின் விரலால் லேசாகத் தொட்டார். ஸ்டிக்கர் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"தங்கமாரி ஸ்டிக்கர் போனது இப்படித்தான். பொட்டு ஓரமாப் பட்டவங்களுக்கு ஓரம் கிளம்புச்சு. அவளுக்கு நடுவுலயே பட்டுடுச்சு. இப்ப படத்தைப் பாருங்க. பூசணிக்காய் முழுசா இருக்கு. அப்படின்னா அந்த நேரத்துல வேலை செய்யிறவங்க போன் எல்லாமே தாம்பாளத்துல. யாரும் எடுத்திருக்க முடியாது."

"அப்ப எப்படிம்மா?" என்றாள் பிரவீனா.

"தாம்பாளத்துல வைக்காத போன் ஒண்ணு இருந்திருக்கணும். ஸ்டிக்கரும் இல்லாத போன். இன்னொண்ணு, கீலைத் திருட வந்தவன் கீலைத்தானே தெளிவா எடுப்பான்? இதுல அது மங்கல். தெளிவா இருக்கிறது இந்தச் சக்கரமும் பூவும். எடுத்தவர் கீலைப் பார்க்கவே இல்ல. லேத்தைப் படம் எடுத்திருக்கார். வேற யாரோ அதை வெட்டிக் கீலை நடுவுல கொண்டுவந்திருக்காங்க. இந்த லேத்தை மாலையோட படம் எடுக்கிற ஆள் இங்க யாரு?"

கலைமணியின் கையில் துணி நின்றுவிட்டது.

"என்ன படம்? எங்க, காட்டு," என்றார். பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. "நான்தாம்மா எடுத்தேன்."

மெதுவாகத்தான் பேசினார். "ஆவடியில ஏலத்துல எடுத்த லேத்து இது. டாங்கி அச்சுல மாட்டுற புஷ் வளையம் கடைஞ்சு குடுத்தோம். நாலு பசங்க, ஒரு தகரக் கொட்டா. சோறு வாங்கக் காசு இருக்காது, பூஜைக்குப் பொரி மட்டும் வாங்கிடுவோம். வருஷா வருஷம் இதுக்கு மாலை போட்டு ஒரு படம் எடுப்பேன். இப்பல்லாம் அந்தப் பசங்க இருக்கிற குரூப்புல போடுறது. எல்லாம் கெழவனுங்க. எவன் பேரனோ வெட்டிப் போட்டிருக்கான். கீலு அங்க இருந்ததே என் கண்ணுல படல."

"முதல் பீசுன்னு பூஜையில வெச்சதே நான்தாம்ப்பா," என்றாள் பிரவீனா.

அவர் தன் போனில் முழுப் படத்தைத் திறந்து நீட்டினார். வெட்டாத படத்தில் லேத் மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றது. அதன் பின்னால், வெட்டுப்பட்டுப் போயிருந்த பகுதியில், ஒரு பெண் கண்களை மூடி, வெறுங்கைகளைக் கூப்பி நின்றாள். தங்கமாரி.

அவள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"நீ இதுல இருக்கிறதையே நான் பாக்கலம்மா. லேத்தை மட்டுந்தான் பாத்தேன்," என்றார் கலைமணி.

"அப்பா, நாளைக்கு உங்க பேரைச் சொல்லணும். பாஸை வாங்கிடுவாங்க. இனிமே உள்ள விட மாட்டாங்க," என்றாள் பிரவீனா.

"சொல்லும்மா. இந்தப் பொண்ணு பேரைச் சொல்றதா இருந்தல்ல? அதுக்கு இது எவ்வளவோ மேல்."

கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி, போனோடு சேர்த்து மகள் கையில் கொடுத்தார். லேத்தை ஒருமுறை தடவினார். டில்லிபாபுவுக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. கொலை வழக்கு கேட்டவன்தான்.

வாசல்வரை போனவரைத் தங்கமாரி கூப்பிட்டாள். "ஐயா, பூ காஞ்சு கெடக்கே. எடுத்துரட்டா?"

"எடுத்துடும்மா. அடுத்த வருஷம் நீ போடு. நான் கேட்டுக்கு வெளிய நின்னுக்கிறேன். பூசணிக்கா அங்கதான ஒடைப்பீங்க?" என்றார் கலைமணி.