மலைக்குப் போன இரண்டு வரி

அழித்த கோப்புகள் அழியாமல் இருந்தன. பெர்மெத் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். மலைமேல் பனியேரியைக் கண்காணிக்கும் கணினியில், ‘பழையவை’ கோப்புறைக்குள் எல்லாப் பதிவுகளும் அப்படியே கிடந்தன. பிஷ்கெக்கிலிருந்து அவள் அனுப்பிய நிரலோ வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டிருந்தது.

அப்படியென்றால் எதை அழித்துத் தொலைத்தது?

ஜூலை மாதத்துச் சாயங்காலப் புழுக்கத்தில் மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, தெருவில் விற்காமல் கனிந்துபோன முலாம்பழ வாடை ஜன்னல் வழியே வந்து குமட்டியது. சோதித்துப் பார்க்க அவகாசம் கேட்டபோது, “ரெண்டு வரிக்கு ஒரு நாள் வேணுமாம்மா?” என்று சிரித்த அலுவலகத் தலைவர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். மகராசன்.

இரண்டே வரிதான். ‘பழையவை’க்குள் போ. இருக்கும் கோப்புகளை அழி. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் மலைக்கணினியோடு புதிதாகத் தொடர்பு ஏற்படும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டாள். முதல் வரி உள்ளே போனதோடு தொடர்பு அறுந்தது. இரண்டாவது வரி மறுபடி முகப்புக் கோப்புறையில் ஆரம்பித்து, அங்கே இருந்ததை வழித்துத் துடைத்தது. அங்கே இருந்தது சைரன் நிரல்.

ஏரிக்குக் கீழே காவல் குடிசையில் அவள் தம்பி எசென் இருந்தான். காலையில் பேசியிருந்தான். “ராத்திரி பூரா முழிப்பு, எஜே. தூங்கப் போறேன். ஏரி ஒடைஞ்சா சைரன் எழுப்பிடும்ல?”

“எழுப்பும்டா, தூங்கு” என்றிருந்தாள் அக்கா.

குடிசைத் தொலைபேசிக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. காதில் அதை இடுக்கியபடியே சைரன் நிரலின் நகலை அனுப்பினாள். மலைத் தொடர்பு ஊர்ந்தது. ஏரிக்கு மேலே பாறை உச்சியில் பொருத்தியிருந்த ஒலிவாங்கியைத் திறந்தாள். கூழாங்கல் உருளும் சத்தம். பிறகு பெரிய கல். பிறகு இரைச்சல்.

எடுடா. எடு.

நகல் போய்ச் சேர்ந்தது. ஒலிவாங்கியில் சைரன் ஊளையிட்டது. அதே உச்சியிலிருந்து கேமரா படம், மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வானம். பாறை. தண்ணீர்.

தண்ணீர் மட்டும்.

குடிசை இருந்த இடத்தில், கலங்கலுக்கு அடியில், மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மணி நின்றது. யாரோ எடுத்தார்கள். குமிழிகள் மேலேறும் சத்தம். அப்புறம் தூக்கம் கலையாத குரல்.

“இன்னும் சைரன் ஊதலையே, எஜே. நான் தூங்குறேன்.”

படத்தில் விளக்கு அணைந்தது.