மேசை மேல் ஒரு மலை

பள்ளிக் கண்காட்சி தொடங்கப் பத்தே நிமிடம்தான் இருந்தது. ஏழாம் எண் மேசை மட்டும் துடைத்துவிட்டாற்போல் காலியாகக் கிடந்தது.

ஐந்தாம் வகுப்பு வாயாடியும் அவள் தோழி நெட்டையும் பதினைந்து நாள் பாடுபட்டு எழுதி வரைந்த தாள் சுருளை, நெட்டை பேருந்திலேயே விட்டுவிட்டாள். 'ஒரு சொல், பல மொழி' என்பது இந்த ஆண்டுத் தலைப்பு. இவர்கள் எடுத்த சொல் 'மேசை'.

நெட்டை மூக்கை உறிஞ்சினாள். "என்னாலதான் எல்லாம் போச்சு. நாலு திட்டு திட்டிடு."

"திட்டினா சுருள் நடந்து வருமா? கண்ணைத் துடை."

டீச்சர் வந்தார். "ஆறாம் வகுப்புக்கு இடம் பத்தலையாம். உங்க மேசை காலியாத்தானே இருக்கு, குடுத்துடவா?"

வாயாடி காலி மேசையைப் பார்த்தாள். ஆனால் தாளில் இருந்ததெல்லாம் தலையிலும் இருக்கிறதே!

"குடுத்துடாதீங்க டீச்சர். இந்த மேசையேதான் எங்க காட்சிப்பொருள்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, பாப்போம்."

"நெட்டை, செருப்பைக் கழட்டிட்டு மேல ஏறு."

"விழுந்துடுவேன்டி."

"நான் பிடிச்சுக்கறேன், ஏறு."

அவள் ஏறி நின்றதும் கூடத்தின் கடைசி வரை தெரிந்தாள். வாயாடி தொண்டையைச் செருமினாள்.

"எல்லாரும் வாங்க. மேசைங்கிற சொல்லு கப்பலேறி வந்தது. போர்த்துகீசிய மாலுமிங்க 'மேஸா'ன்னாங்க, நாம மேசைன்னோம். ஆங்கிலத்துல 'மேசா'ன்னா உச்சி தட்டையான மலை. இதோ, என் தோழி மலை மேல நிக்கறா."

கூட்டம் சிரித்தபடி நெருங்கியது. நெட்டைக்கும் தெம்பு வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவைக் கேட்டு வாங்கித் திறந்தாள்.

"ருமேனிய மொழியில 'மாஸ'ன்னா மேசை, சாப்பாடும் அதேதான். ஸ்வாஹிலியில 'மேஸா'ன்னா மேசை, 'விழுங்கு'ன்னும் அர்த்தம். ஆனா விழுங்கறது கப்பல்ல வரல, அது அவங்க சொந்தச் சொல்லு."

ஒரு வாய் போட்டு மடக்கென்று விழுங்கினாள். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

நடுவராக வந்திருந்த நூலகர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். "லத்தீன்ல?"

"'மென்சா' சார்" என்றாள் வாயாடி. "விழுங்கறதைத் தவிர மத்த எல்லாத்துக்கும் அதான் கொள்ளுப்பாட்டி."

மாலையில் முதல் பரிசு ஏழாம் எண்ணுக்கே கிடைத்தது. "வெற்றி பெற்ற காட்சிப்பொருள் ஒரு மாசம் நூலக வாசல்ல இருக்கணும்" என்றார் நூலகர். "தூக்கிட்டு வாங்க."

தோழிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பள்ளி முழுக்க வேடிக்கை பார்க்க நடந்தார்கள். நல்ல கனமான மேசைதான். வழியில் ஒருமுறைகூட அவர்கள் அதைக் கீழே வைக்கவில்லை.