ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கை

செவ்வாய்க் கிரகத்தில் பிறந்த குழந்தைகளுக்கு எலும்பில் பலம் இருப்பதில்லை. அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டுச் சுவர் திறந்து இரண்டு இயந்திரக் கைகள் வெளியே வரும். பயிற்சியாளர் வேறு ஊரில் உட்கார்ந்து உணர்வுக் கையுறைகளை மாட்டிக்கொண்டு தன் கைகளை அசைத்தால், இங்கே இந்தத் தொலைக்கைகள் குழந்தையின் கால்களைப் பிடித்து நீட்டும், மடக்கும். தொலைக்கைகளில் படுவதெல்லாம் உறைக்குள் இருக்கும் விரல்களுக்கும் அதே அழுத்தத்தோடு தெரியும்.

நீர் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்த ரெஜினாளின் மகள் பெனிட்டாவுக்கு ஒன்பது வயது. ஒருநாள் காலை அவள் கட்டிலுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"சதாசிவம் மாஸ்டர் வேண்டாம்மா. பயிற்சி முடிஞ்ச பிறகும் கையை எடுக்க மாட்டேங்கறார். கண்ட இடத்துல தொடறார். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்."

ரெஜினாள் அன்றே புகார் கொடுத்தாள்.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. பெனிட்டா சொன்னதையே நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது முறை தரையைப் பார்த்துச் சொன்னாள். நீதிபதி இரக்கமுள்ளவர்தான். குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தீர்ப்பை வாசித்தார். குழந்தை சொன்னது முழுவதையும் நீதிமன்றம் நம்புகிறது. ஆனால் குழந்தையின் உடலைத் தொடுவதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் உடல் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. தொட்டது உலோகம். உலோகத்துக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எண்ணம் இருந்தவர் தொடவில்லை. விடுதலை.

விடுதலையானவரை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லப் பயிற்சி நிறுவனத்துக்குக் காரணம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை சுவர் திறந்தது. "வணக்கம் பெனிட்டா" என்றது சதாசிவத்தின் குரல். குழந்தை நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டாள்.

ரெஜினாள் அடுப்பிலிருந்த இரும்புச் சட்டியை எடுத்து அந்தக் கைகளை அடித்தாள். தன் கை ஓயும்வரை அடித்தாள். அங்கே சதாசிவத்துக்கு இரண்டு விரல்கள் வீங்கின.

அதற்காகச் சதாசிவம் போட்ட வழக்கு பதினோரு நாளில் முடிந்தது. அதே நீதிபதி. தொலைக்கை, அதை இயக்குபவரின் உடலோடு சேர்ந்ததே. நடுவில் எவ்வளவு தூரம் இருந்தாலும் வலி வலியே என்றார். ரெஜினாளுக்கு ஆறு மாதம் வீட்டுக்காவல்.

"இந்தத் தீர்ப்பை வெச்சே பழைய கேஸ்ல அப்பீல் போலாம்க்கா," என்றாள் வக்கீல் நூர்ஜகான். பிறகு தயங்கினாள். "பாப்பாவை மறுபடியும் கூப்பிட்டு விசாரிச்சாலும் விசாரிப்பாங்க."



அன்று சாப்பிடும்போது பெனிட்டா கேட்டாள். "மாஸ்டருக்கு வலிச்சுதுன்னு ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சொன்னாரு."

பெனிட்டா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நானும் சொன்னேனேம்மா."