மூத்தாளின் சுவர்

ஜூஜுவாடியில் மாதேஷ் வீட்டுக்குப் புது டிவி வந்தது ஒரு மத்தியானம். கூடத்தில் அதை மாட்ட வாகான சுவர் ஒன்றுதான். அங்கே பொற்கொடியின் படம் தொங்கியது. மாதேஷின் மூத்த மனைவி. பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள்.

சேலையோ மிக்ஸியோ, எது புதிதாக வந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் இளையவள் காவேரி தொட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. செத்தவளிடம் எத்தனை நாள்தான் உத்தரவு கேட்பது? காவேரிக்கு அலுத்துவிட்டது. படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள்.

“இங்கியே மாட்டுங்கண்ணா.”

டிவி மாட்ட வந்த தங்கதுரை வேலையை முடித்தான். “படம் இருட்டடிச்சா பிரைட்னஸ் ஏத்திக்கங்கக்கா” என்று ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் போனான்.

மாதேஷ் கம்பெனியில் இருந்தான். தூளியில் பத்து மாதக் குழந்தை தூங்கியது. ஜன்னலைச் சாத்திவிட்டுக் காவேரி ஒரு தமிழ்ப் படம் வைத்தாள். காட்டில் இரவுக் காட்சி, ஒன்றும் புலப்படவில்லை. பிரைட்னஸை ஏற்றினாள்.

திரையின் மூலையில் ஒரு பெண் நின்றாள்.

நடிகையாக இருக்கும் என்று கன்னடச் செய்திக்கு மாற்றினாள். செய்தி வாசிப்பவரின் பின்னால், அதே மூலையில், அதே பெண். தெலுங்குப் பாட்டிலும் நின்றாள்.

செட்டிங்தான் கோளாறு என்று கான்ட்ராஸ்டைக் கூட்டினாள். பெண் கிட்டே வந்திருந்தாள். வயிற்றைக் கையால் பொத்தியிருந்தாள். கூடத்தில் டெட்டாலும் ரத்தமும் கலந்த வாடை வீசியது.

காவேரி பிரைட்னஸை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

அது தானாக ஏறியது.

மாதேஷுக்குப் போன் போட்டாள். “ஏங்க... டிவில பொற்கொடி அக்கா நிக்கறாங்க.”

“எந்தச் செவுத்துல மாட்டுன?”

அவள் பரணை அண்ணாந்து பார்த்தாள்.

“அவ முன்னால வெச்சுக் கும்புட்டியா இல்லியா?”

“இல்லீங்க...”

“பாப்பாவத் தூக்கிட்டு வெளிய ஓடு காவேரி!”

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. கருத்த கண்ணாடியில் கூடம் நிழலாகத் தெரிந்தது. தூளியின் மேல் யாரோ குனிந்திருந்தார்கள்.

சட்டென்று திரும்பினாள். தூளியருகே ஒருவரும் இல்லை.

பாய்ந்துபோய்க் குழந்தையை வாரி மாரோடு அணைத்தாள். உடம்பு சூடாக இருந்தது, மூச்சு வந்தது. உயிர் திரும்பியதுபோல் இருந்தது அவளுக்கு. வாசலை நோக்கி ஓடியவள், தாண்டும்போது திரையைப் பார்த்துவிட்டாள்.

அதில் அவள் கைகள் வெறுமையாக இருந்தன.

குழந்தை விழித்துக்கொண்டது. இரண்டு கையாலும் அவள் மார்பைத் தள்ளியது. உடம்பை முறுக்கிச் சுவர்ப் பக்கம் தாவியது. அன்றுவரை ஒரு சொல்லும் பேசியறியாத பிள்ளை அது.

“அம்மா” என்றது, அணைந்த டிவியைப் பார்த்து.