ஐந்தாவது வரிசை

ஐந்தாவது மேசையின் மேல் பென்சில் சீவிய சுருள்கள் கிடந்தன. விலங்கியல் துறையில் அந்த மேசைக்கு இரண்டு வருடமாக ஆள் இல்லை; அதில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற பிறகு இடத்தை நிரப்பக் கல்லூரிக்கு மனசு வரவில்லை. ஃபார்மலின் நெடியும் ஈரச்சுவர் வாடையும் நிரந்தரமாகக் குடியிருக்கும் அந்த அறையில், திங்கட்கிழமை காலை, புதிதாகச் சீவிய மரத்தின் வாசனை தனியாகத் தெரிந்தது. தற்காலிக விரிவுரையாளரான அவள் சுருள்களைக் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். வெள்ளிக்கிழமை அறையைப் பூட்டியவள் அவள்தான். இன்று திறந்தவளும் அவள்தான்.

போன மாதம் கல்லூரிக்கு அங்கீகாரம் தர ஒரு குழு வந்தது. பேராசிரியர்களின் ஆய்வு ஆர்வங்களைப் பட்டியலாகக் கேட்டார்கள். எழுதும் வேலை, வழக்கம்போல, அவள் தலையில் விழுந்தது.

"அஞ்சு பேர் காட்டினாத்தான் துறைக்கு மதிப்பும்மா," என்றார் துறைத் தலைவர். "அஞ்சாவது வரிசையில நீயே எதையாவது எழுதி நிரப்பிடு. பேரை மட்டும் காலியா விடு. கேட்டா, புதுசா ஒருத்தர் வரப்போறார்னு சொல்லிக்கலாம். குழு நல்லபடியா போச்சுன்னா உன் வேலையை நிரந்தரம் பண்ணிடலாம்."

அவருடைய சொந்த ஆய்வு ஆர்வம் தவளைகள். அவர் கடைசியாகத் தவளையைப் பார்த்தது தன் வீட்டுக் குளியலறையில்தான் என்பது கல்லூரிக்கே தெரியும். மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அவள் மட்டும் எதற்கு யோசிக்க வேண்டும்? முந்தைய இரவு முழுக்க ஆறு வயது மகளின் மூச்சிழுப்பைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தவள், கைக்கு வந்ததை எழுதினாள். ஆய்வு ஆர்வம்: தூங்கும் குட்டிப் பாலூட்டிகளின் மூச்சு. அடுத்த கட்டம்: மூச்சு நிற்கும் இடைவெளிகளும் அவற்றின் நீளமும். பட்டியலிலேயே உருப்படியானது அதுதான் என்று குழுவில் ஒருவர் மெச்சினார். தாள் அறிவிப்புப் பலகைக்குப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் ஒரு தாள் இருந்தது. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. ஆய்வகத்தில் எண்ணுகிறவர்கள் போடும் கோடுகள். ஓரத்தில் தேதி, மணி, கூட்டுத்தொகை. முப்பத்தொன்று. இருபத்தொன்பது. முப்பத்துமூன்று. அந்த எண்கள் அவளுக்குத் தெரிந்தவை. கைப்பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்தாள். குழந்தை தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். "நடுவுல பத்து செகண்டுக்கு மேல நின்னுச்சுன்னா, யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க" என்றும் சொல்லியிருந்தார். நோட்டில் இருந்த எல்லாமே தாளில் இருந்தது. தாளில் இன்னும் சிலவும் இருந்தன. அவை அவள் கண்ணயர்ந்த நேரங்கள்.

"யாரோ விளையாடறாங்கம்மா," என்று சிரித்தார் துறைத் தலைவர். "நீ தூங்கி எத்தனை நாளாச்சு? மூஞ்சிலயே தெரியுதே."

அவள் பலகையிலிருந்த பட்டியலைக் கிழித்து, துண்டு துண்டாக்கி, கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் விட்டாள். புதன்கிழமை காலை அது பலகையில் இருந்தது. ஐந்தாவது வரிசையில் பெயர் இன்னும் காலி. 'அடுத்த கட்டம்' என்பதன் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு டிக்.

"இதை யாரு ஒட்டினது?" என்று ஆய்வக உதவியாளரைக் கேட்டாள்.

"நான்தாம்மா. அந்தப் புது சார் குடுத்தாரு."

"எந்த சார்? எப்படி இருப்பார்?"

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். பயந்த மாதிரி தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "இப்பதாம்மா பார்த்தேன். முகம் வரமாட்டேங்குது."

அவள் விடுப்பு எழுதக்கூட நிற்கவில்லை. பள்ளிக்கு ஓடி மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள், ஜன்னல்களைச் சாத்தினாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தூங்காமல் வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. பாட்டுப் பாடினாள், விடுகதை போட்டாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள். ஆறு வயதுக் குழந்தையை எத்தனை நேரம் அப்படி வைத்திருக்க முடியும்? மத்தியானம் மூன்று மணிக்கு, வெயில் ஜன்னல் இடுக்கில் கோடாக விழுந்துகொண்டிருக்கையில், வெள்ளைச் சீருடையோடு அவள் மடியிலேயே தூங்கிப்போனாள் மகள். மூச்சு விசில் போல வந்து வந்து போயிற்று. மின்விசிறி கிறீச்சிட்டது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அதற்கெல்லாம் கீழே, மெல்ல, தாளில் பென்சில் உரசும் சத்தம்.

ஃபார்மலின் நெடி.

"பாப்பா. எழுந்திரு. பாப்பா."

மகள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "சத்தம் போடாதம்மா. எண்ணுறாங்க."

விசில் நின்றது.

உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். கட்டிலில் விரிந்து கிடந்த சின்ன நோட்டில், யாருடைய கையும் இல்லாமல், ஒரு கோடு விழுந்தது. பிறகு ஒன்று. விநாடிக்கு ஒன்று. வேண்டாம், வேண்டாம் என்று கத்தினாள். நோட்டை எடுத்து எறிந்தாள். மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. உரசும் சத்தம் இப்போது அவள் காதுக்குப் பக்கத்திலேயே.

குனிந்து பார்த்தாள்.

மகளின் வெள்ளைச் சட்டையின் முதுகில், அவள் விரல்களுக்கு நடுவே, பென்சில் கோடுகள். நான்கு. குறுக்கே ஒன்று. நான்கு. குறுக்கே ஒன்று.

பதினோராவது விழுந்தது.