பின்தங்கிய நகல்

ஹனம்கொண்டாவில் அந்தத் தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு கணினிப் பொறியாளர் ஸ்வராஜ்யம் வந்து சேர்ந்தபோது உச்சிவெயில். உள்ளே ஜன்னல் கிடையாது. ஏசியின் ஈர வாடை. ஹெட்போன்களில் கசியும் முகம் தெரியாதவர்களின் பதற்றம்.

அழைப்புகள் பதிவாகும் அட்டவணையில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். சேவை நிற்கக்கூடாது. பக்கத்திலேயே புது அட்டவணை ஒன்றைக் கட்டி, பழையதைச் சிறிது சிறிதாக அதில் நகலெடுத்து, கடைசியில் இடம்மாற்றுவதுதான் வழி. டிரைவர்கள் பார்ப்பது முதல் சர்வரின் நகலான இரண்டாவது சர்வரை. அது பின்தங்கினால் நகலெடுப்பு தானாக நின்று காத்திருக்கும்படி அவள் ஒரு தடை வைத்திருந்தாள்.

மேலாளர் கொண்டல் ராவுக்குப் பொறுமை இல்லை. சாயங்காலம் ஐதராபாத்திலிருந்து முதலாளி வருகிறார். தடையை எடுக்கச் சொன்னார்.

"எடுத்தா டிரைவருங்களுக்குப் பழைய விவரந்தான் தெரியும், சார்."

"கொஞ்ச நேரம் பழசைப் பார்த்தா யாரும் செத்துட மாட்டாங்கம்மா. எடு."

எடுத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஐலய்யா என்ற ஆட்டு வியாபாரிக்கு மூச்சு முட்டியது. தெருப்பெயரை மாற்றிச் சொல்லிவிட்ட மகள், உடனே மறுபடி கூப்பிட்டுத் திருத்தினாள். திருத்தம் முதல் சர்வரில் ஏறியது. இரண்டாவதற்குப் போய்ச் சேரவில்லை. வண்டிக்காரர்கள் வேறு தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கையில் அவர் மூச்சு அடங்கியது.

போக்குவரத்து நெரிசல் என்று அறிக்கை போனது. சேவை நிற்காமல் வேலையை முடித்ததற்காகக் கொண்டல் ராவுக்குச் சால்வை போர்த்தினார்கள். ஸ்வராஜ்யமும் கைதட்டினாள்.

மறுநாள் இரண்டாவது சர்வர் நகலெடுப்பதில் பாதியில் நின்றுபோனது. ஐலய்யாவின் மகள் சொன்ன அந்தத் திருத்தத்தை ஏற்காமல், சரியாக அதற்கு முன்னால்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நகல் கட்டினாள்.

அங்கேயே நின்றது.

பக்கத்து மேசையில் கிடந்த ஹெட்போன் இரைந்தது. காதில் வைத்தாள். திரையில் எந்த அழைப்பும் இல்லை. இழுத்து இழுத்து விடும் மூச்சு மட்டும். பிறகு வயசான ஓர் ஆண்குரல்.

"விலாசம் போய்ச் சேந்துச்சாம்மா?"

யாரிடமும் கேட்காமல், அந்தத் திருத்தத்தை இரண்டாவது சர்வரில் தன் கையாலேயே ஏற்றினாள். சர்வர் ஓடத் தொடங்கியது.

சற்றுநேரத்தில் வயர்லெஸ்ஸில் டிரைவர் சம்மய்யாவின் குரல். ஐலய்யாவின் வீட்டு விலாசத்தைச் சொன்னான்.

"பெரியவரை ஏத்தியாச்சுக்கா. பேச்சில்ல. ஆக்சிஜன் வச்சிருக்கோம்."

ஸ்வராஜ்யம் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினாள். வண்டி வந்து நின்றது. சம்மய்யா பின்கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

ஸ்ட்ரெச்சரில் யாரும் இல்லை.

தலையணைமேல் ஆக்சிஜன் மாஸ்க். அதன் உட்புறம் ஆவி படிந்து வெளுத்தது. தெளிந்தது.

மறுபடி வெளுத்தது.